ஆடிக்கும் தைக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்

மேலப்புளியடிக்கும் கீழப்புளியடிக்கும் நடுவே ரயில் பாதை தெற்கு வடக்காக ஓடுகிறது. அதைக் கடக்க அப்போது ஒரு கேட் இருந்தது. அந்தக் கேட்டைப் பன்னிரண்டு வருஷமாகப் பகல் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள் சண்முகவடிவு. ஊருக்கு அவள் வடிவு. காக்கிக் கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, பச்சைக்கொடியைக் கையில் பிடித்து அவள் நின்றால், போகிற வண்டியின் டிரைவர் எவரானாலும் ஒரு கை தூக்கிவிட்டுத்தான் போவார். அவளுக்கு அது சம்பளத்துக்கு மேல் கிடைத்த சம்பளம்.

மற்ற நேரத்துக்கு முறை மாற்றி வருகிற இரண்டு கேட்மேன்களும் நிரந்தர வேலைக்காரர்கள். வடிவு மட்டும் ஒப்பந்தம். ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் ஒரு காகிதம் வரும், அதில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷம். அப்படிப் பன்னிரண்டு காகிதங்களுக்குப் பிறகு, ஓர் ஆனி மாதக் கடைசியில், பாதை இன்ஸ்பெக்டர் தேவசகாயம் பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, காகிதம் எதையும் வெளியே எடுக்காமல், பேசுவதற்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வடிவம்மா, இந்தக் கேட்டுல போக்குவரத்து ரொம்பக் கம்மியாம். மூடிரலாமான்னு மேல யோசிக்காவ. ஐப்பசியில கணக்கெடுக்க ஆள் வரும். அதை வெச்சுத்தான் முடிவு."

"மூடுனா மத்த ரெண்டு பேரும் சார்?"

"அவங்களுக்கு வேற எடம் போட்டுருவாங்க."

ஒப்பந்தக்காரிக்கு அப்படி வேறு இடம் கிடையாது என்று வடிவுக்குத் தெரியும். மகள் உமையாள் டவுனில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஆவுடையப்பன் கல்யாணச் சமையல்காரர். ஆவணி, தை என்றால் அடுப்பை விட்டு எழ நேரமிராது, ஆடி, மார்கழி என்றால் கரண்டியைத் தேய்த்து வைத்துவிட்டுத் திண்டாடவேண்டியதுதான். மாதா மாதம் தவறாமல் வருவது வடிவின் சம்பளம் ஒன்றே. அன்று போன வண்டிக்கு அவள் கொடியைக் காட்டினாள், டிரைவர் கை தூக்கினதை அவள் கவனிக்கவில்லை.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் காலை ஏழு நாற்பது பாசஞ்சர் போன பிறகு அவள் இரண்டு பக்கத் தடுப்பையும் தூக்கியபோது, மேற்கே ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு போனது, கிழக்கே தை மாதமாக இருந்தது. பனி இறங்கியிருந்தது. பூசணிக்கொடிகள் வேலியெல்லாம் ஏறி மஞ்சளாகப் பூத்திருந்தன. கீழப்புளியடிக்காரர் ஒருவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாயிலிருந்து ஆவி பறக்க, "ஏ வடிவு, இதென்ன இப்படிக் குளிருது?" என்று கேட்டுக்கொண்டே தண்டவாளத்தைத் தாண்டினார். தாண்டியதும் துண்டை அவிழ்த்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் எங்கோ ஆடி முடிந்து தை தொடங்கியது.

வடிவு பதிவேட்டில் பாசஞ்சர் கடந்த நேரத்தை எழுதினாள். மாதத்தைப் பற்றி எழுத அதில் இடம் இல்லை.

முதலில் தாண்டியது பேச்சித்தாயின் ஆடுகள்தான். மேலப்புளியடிப் பேச்சித்தாய், வடிவுக்கு மதினி முறை, இருபத்தாறு ஆடுகளை வைத்துக்கொண்டு ஆடிமாதக் காய்ந்த பொட்டலில் அல்லாடிக்கொண்டிருந்தவள். கிழக்கே பச்சையைப் பார்த்ததும் ஆடுகள் அவள் சொல்லைக் கேட்காமல் ஓடின. சாயங்காலம் அவை ரோமத்தில் பனித்துளியோடு, வயிறு புடைக்கத் திரும்பி வந்தன. "தை பிறந்தா வழி பிறக்கும்னு சொன்னாவ, இப்படிப் பக்கத்துலயே வந்து பிறக்கும்னு ஒருத்தரும் சொல்லலயே" என்றாள் பேச்சித்தாய். அதற்கு மேல் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை, ஆடுகளும் யோசிக்கவில்லை.

கீழப்புளியடியில் பஞ்சாயத்துக் கூடியது. வருஷத்துக்கு ஒரு பொங்கல் ஏற்கெனவே வைத்தாயிற்றே, இன்னொன்று வைக்கலாமா கூடாதா என்பது பேச்சு. அரிசி இருக்கிறது, வெல்லம் கேட்டடி மந்திரம் அண்ணாச்சி கடையில் இருக்கிறது, மாசம் வாசலில் வந்து நிற்கிறது, வந்தவரைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நம்ம ஊரில் இல்லை என்று முடிவாகி, பொங்கல் வைத்தார்கள். அதே வாரம் மேற்கே அம்மன் கோவில் கொடைத் திருவிழா. மேளம் இந்தப் பக்கமும் குலவை அந்தப் பக்கமுமாகக் கேட்க, நடுவில் நெல்லை போகிற வண்டி இரண்டுக்கும் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

மேலப்புளியடியில் ஆனியில் கல்யாணமான ஒரு பையன், முறைப்படி ஆடிக்குப் பெண்ணைக் கீழப்புளியடித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு முகம் வாடிக் கிடந்தான். கிழக்கே தை என்று கேள்விப்பட்டதும் தலைவாரிச் சட்டை மாற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். மாமியார் வாசலில் நின்று யோசித்துப் பார்த்து, தையில் மாப்பிள்ளையை உள்ளே விடாமலிருக்க ஒரு சாத்திரமும் அகப்படாமல், சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். தினமும் சாயங்காலம் ஐந்தே கால் வண்டிக்காகக் கேட் மூடியிருக்கையில் அவன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று கேட்பான். வடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள்.

மாதங்கள் நகர்ந்தன, இரண்டு பக்கமும் அதனதன் வரிசையில். மேற்கே ஆவணியானபோது கிழக்கே மாசி, மேற்கே புரட்டாசியானபோது கிழக்கே பங்குனி. வானிலை இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கருவியும் அந்தப் பக்கம் ஒரு கருவியும் வைத்து, இரண்டும் சரியாகத்தான் வேலை செய்கின்றன என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மந்திரம் கடையில் டீ குடித்துவிட்டுப் போனார்கள். மந்திரம் அண்ணாச்சி அதற்குள் கேட்டுக்குக் கிழக்கே இன்னொரு பெஞ்சு போட்டிருந்தார். ஒரு பக்கம் சுக்குக் காப்பி, மறுபக்கம் நன்னாரி சர்பத். ஆவுடையப்பனுக்கோ கல்யாணம் இல்லாத மாதமே இல்லாமல் போயிற்று. இந்தப் பக்கம் ஆகாத மாதமென்றால் அந்தப் பக்கம் முகூர்த்தம், பத்திரிகையில் 'கேட்டுக்குக் கிழக்கே' என்று அடிக்கிற வழக்கமே வந்துவிட்டது.

வடிவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வண்டி கிடையாது. அந்த நேரத்தில் அவள் கேட் அறையின் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பாதைக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு வேப்பமரம். ஆவணியில் மேற்கு வேம்பு அடர்ந்து நிழல் கட்டி நின்றது. கிழக்கு வேம்புக்கு மாசி. அது நாள் முழுக்கப் பழுத்த இலைகளை உதிர்த்தது. காற்றே இல்லாதபோதும் ஒன்று, இன்னொன்று, பிறகு நாலைந்தாக, யாரோ எண்ணி எண்ணிப் போடுகிறமாதிரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மார்ச் முப்பத்தொண்ணு ஞாபகம் வந்தது. இந்த மரத்துக்குத் தெரியுமா, போகிற இலையெல்லாம் போனபிறகு தனக்கு என்ன மிஞ்சுமென்று. தெரியாது போலத்தான் இருந்தது. தெரியாமலே அது உதிர்த்தது. அடுத்த மாதம் தாமிர நிறத்தில் கொழுந்து விட்டது, பிறகு பூ, பூவின் அந்தக் கசந்த இனிப்பு வாடை தண்டவாளத்தைத் தாண்டி வந்து அவள் சோற்றுத் தூக்குவாளியிலெல்லாம் ஏறிக்கொண்டது. அவள் அன்று கேட்டைத் திறந்ததும் கிழக்கே போய், பத்து வேப்பம்பூவைப் பொறுக்கி வந்து ரசத்தில் போடக் கொண்டுபோனாள். வருஷத்தில் ஒரு பருவம் முடிந்து மறு பருவம் வருவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை அவள் அதன் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தவள். இப்படி எதிரே உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை.

ஐப்பசியில் கணக்கெடுக்க இரண்டு பேர் நாற்காலியும் நோட்டுமாக வந்து உட்கார்ந்தார்கள். மேற்கே அடைமழை. கிழக்கே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. மேலப்புளியடிக்காரர்கள் நனைந்த துணிகளையும், மிளகாய் வற்றலையும், காய்ச்சிய வடகக் கூழையும் தலையில் சுமந்து காயப்போடக் கிழக்கே போனார்கள். கீழப்புளியடியில் கிணறெல்லாம் வற்றிக் கிடந்ததால் அந்த ஊர்ப் பெண்கள் குடங்களோடு மேற்கே வந்து, ஆகாயத்துக்கு நேராக வரிசையில் வைத்துவிட்டு, நிறைகிறவரை மழையில்லாத பக்கம் மந்திரத்தின் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசினார்கள். மாட்டுவண்டி, டிராக்டர், டெம்போ, ஆவுடையப்பனின் அண்டாக்கள் ஏறிய மினி லாரி. முன்பெல்லாம் தபால்காரர் சைக்கிளையும் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது தாண்டினால் அதிகம். இப்போது கணக்கெடுக்க வந்தவர்கள் இரண்டாம் நாளே புது நோட்டு வாங்கினார்கள். வடிவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிற்று. இவ்வளவு பேர் போகிற கேட்டை யார் மூடுவார்கள்?

கார்த்திகையில் தேவசகாயம் வந்தார். பைக்கை விட்டு இறங்காமலே பேசினார்.

"வடிவம்மா, இவ்வளவு கூட்டம் போறதுக்குக் கேட் ஆபத்தாம். பாதைக்கு அடியில சுரங்கப்பாதை தோண்டப்போறாவ. மார்ச்சோட கேட்டை எடுத்துருவாங்க."

"கம்மியாப் போனா மூடணும். நிறையப் போனா தோண்டணும். அப்படித்தான சார்?"

"அப்படித்தாம்மா" என்றார் அவர், தானே அதைச் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு.

தை மாதம் காய்ந்த மாதம், மண் வேலைக்குத் தோது என்று இன்ஜினியர்கள் கணக்குப் போட்டுத் தையில் தோண்டத் தொடங்கினார்கள். மேற்கே தைதான். கிழக்கே ஆடி. ஆனால் பாதைக்கு நேர் அடியில், பன்னிரண்டு அடி ஆழத்தில், இரண்டுக்கும் நடுப்பட்ட மாதமாக ஐப்பசி இருந்தது. மேலே வெயிலடிக்கக் குழிக்குள் கொட்டு கொட்டென்று மழை. தவளைகள் கத்தின. இன்ஜினியர் குடையைப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்குவார், ஏறி வந்ததும் மடக்கி வைப்பார். மோட்டார் வைத்து இறைத்தார்கள். சுரங்கப்பாதை என்றால் தண்ணீர் நிற்கத்தானே செய்யும், கட்டி முடித்த பிறகு நிற்பது முதலிலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதானே என்று ஊர்க்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். மாசியில் குழிக்குள் கார்த்திகையாயிற்று, மழை குறைந்தது. கான்கிரீட் பெட்டிகளை உள்ளே இறக்கினார்கள்.

அந்த மாசியில் மேற்கு வேம்பு உதிர்க்கத் தொடங்கியது. வடிவு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன் கிழக்கே பார்த்த அதே உதிர்வு, அதே எண்ணிக்கை போலக்கூட இருந்தது. ஆனால் அன்று வந்த பயம் இன்று வரவில்லை. எதிரே ஆவணி வெளிச்சத்தில் கிழக்கு வேம்பு கருகருவென்று நின்றது. தான் பயந்ததெல்லாம் ஒரே ஒரு மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் என்று அவளுக்குத் தோன்றிற்று. தோன்றியதும் எழுந்துபோய், காலடியில் கிடந்த சருகையெல்லாம் கூட்டி வேம்பின் தூரில் குவித்தாள்.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் பாத்திரம் ஏற்றிய வண்டியோடு கேட்டில் நின்றபோது அவள் கேட்டாள்: "என்னங்க, கீழப்புளியடியில உங்க பங்குக்கு வந்த ஒண்ணரை ஏக்கர் கரிசல் சும்மாத்தான கிடக்கு?"

"பதினைஞ்சு வருஷமாச் சும்மாத்தான் கிடக்கு. ஏன்?"

"அங்க இப்ப ஆவணி. உழுது போட்டா புரட்டாசிக்கு விதைச்சிரலாம்."

ஆவுடையப்பன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "விதைக்க யாரு இருக்கா?"

"மார்ச் முப்பத்தொண்ணுக்குப் பிறகு நான் இருக்கேன்ல."

அவர் வண்டியிலேறிப் போனார். மறுநாள் கிழக்கே டிராக்டர் ஒன்று கருவேல முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. சமையல்காரர் பக்கத்தில் நின்று, "ஏலே, ஆழமா இறக்குலே, தோசைக்கல்லைச் சுரண்டுதமாதிரி மேலாகச் சுரண்டாத" என்று டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் முப்பத்தொண்ணு, பங்குனி பதினேழு. மத்தியானம் தேவசகாயம் ஒப்படைப்புக் காகிதத்தோடு வந்தார். சிவப்புக்கொடி ஒன்று, பச்சைக்கொடி ஒன்று, கைவிளக்கு, சாவிக்கொத்து, பதிவேடு. எல்லாம் சரியாக இருந்தது. வடிவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதற்குள் இரண்டு ஊரும் தடுப்புக்கு இரண்டு பக்கமும் கூடிவிட்டது. கிழக்குப் பக்கத்திலிருந்து பேச்சித்தாய் கத்தினாள். அன்று ஆடுகளோடு அங்கேதான் இருந்தாள்.

"ஏட்டி வடிவு! இந்தப் பக்கம் வந்து நில்லு. இங்க இன்னும் புரட்டாசிதான். அந்தக் காகிதத்துல போட்டிருக்க தேதி இங்க வர இன்னும் ஆறு மாசம் கிடக்கு!"

கூட்டம் ஓவென்று கத்தியது. ஆமாம், ஆமாம். மந்திரம் அண்ணாச்சி இன்னும் ஒரு படி மேலே போனார். "ஆறு மாசம் கழிச்சு அங்க பங்குனி வந்தா, இந்தப் பக்கம் வந்துரு. இங்க புரட்டாசியாயிரும். இப்படியே மாறி மாறி நின்னா ஒனக்கு ரிட்டயர்மெண்டே கிடையாது!"

தேவசகாயம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சிரிக்கவில்லை. மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "அவிய சொல்லுறது தப்பில்ல வடிவம்மா. கிழக்குத் தடுப்பும் கேட்டுதான். அங்க நின்னு, இன்னைக்குத் தேதி வரலன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, நான் அதை மேல அனுப்பத்தான் செய்யணும். அவுங்க பதில் போட ஆறு மாசம் ஆயிரும்" என்றார்.

வடிவு கிழக்கே பார்த்தாள். மேகம் திரண்டிருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும். பிறகு ஆறு மாதம் சம்பளம், பிறகு நாலு எட்டு திரும்ப. அப்படி ஒரு பெண் தண்டவாளத்தைத் தாண்டித் தாண்டிக் கிழவியாவதை அவள் மனசில் ஓட்டிப் பார்த்தாள். உமையாளின் படிப்பு ஞாபகம் வந்தது. மேற்கே திரும்பினாள். வேம்பில் ஒரு பழைய இலை இல்லை. கிளை முழுக்கத் தாமிரக் கொழுந்து, வெயில் பட்டு ஈரம் மின்னுகிறமாதிரி மின்னியது.

"வேண்டாம் சார். தப்பிச்சுத் தப்பிச்சு ஓடிக்கிட்டே இருந்தா எனக்குன்னு ஒரு மாசமும் வராது. பேனாவைக் கொடுங்க."

மேற்குப் பக்கத்தில், பங்குனியில், கேட் அறையின் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். தேவசகாயம் அதை வாங்கும்போது பெரியவர்களிடம் பிரசாதம் வாங்குகிறமாதிரி இரண்டு கையையும் நீட்டினார். கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை அவள் விதைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல்முறையாகச் சுரங்கப்பாதையில் இறங்கினாள். உள்ளே மார்கழி. கான்கிரீட் சுவரில் பனி வேர்த்திருந்தது. யாரோ விடியலிலேயே வந்து தரையில் கோலம் போட்டு, நடுவில் சாணிப்பிள்ளையார் வைத்து, பூசணிப்பூவும் செருகியிருந்தார்கள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து, நடுங்கிக்கொண்டே மறுபக்கம் ஏறினாள். புரட்டாசி. உழுத கரிசல் கொழுக்கட்டை மாவு போலப் பொதபொதவென்று கிடந்தது. ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டி வரப்பில் நின்றிருந்தார். சோளமும் ஊடே உளுந்தும். வடிவு கையை விட்டு அள்ளி முதல் பிடியை வீசினாள். கொஞ்சம் ஒரே இடத்தில் விழுந்தது. இரண்டாவது பிடி பரவாயில்லை. பத்தாவது பிடிக்குக் கை படிந்துவிட்டது. பாதையில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"எந்த வண்டிங்க அது?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதான சொல்லணும்."

"மணி பாக்கலையே" என்றாள் வடிவு. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. சாயங்காலம் மழை இறங்கியது.

அங்கே ஐப்பசி நன்றாகப் பெய்தது, கார்த்திகை அளவாகப் பெய்தது. உமையாள் மேற்கே கோடை விடுமுறைக்கு வந்து, கிழக்கே மழையில் களை பிடுங்கினாள். கல்லூரிக்குப் போய் அதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லையாம், அவளும் வற்புறுத்தவில்லையாம். ஆவுடையப்பனின் கரண்டி ஓயாமல் ஓடியதில் அவள் படிப்பு நிற்கவில்லை. கிழக்கே தை பிறந்தபோது கதிர் ஆள் உயரத்துக்கு மேலே வெள்ளையாக முற்றித் தலைசாய்ந்து நின்றது.

அறுப்பு நடக்கிற அன்று தேவசகாயம் வரப்பு வழியாக நடந்து வந்தார். மேற்கே ஆடிக்காற்றில் வந்தவர், கண்ணில் புழுதி. வடிவு அவரைக் களத்தில் உட்காரவைத்து, புதுச் சோளத்தில் பொங்கியதைப் பூவரச இலையில் வைத்துக் கொடுத்தாள். அவர் மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வடிவம்மா, கடம்பூருக்குத் தெற்கே ஒரு கேட்டுல ஆள் இல்ல. பகல் ஷிப்டு. உங்க பேரைத்தான் எழுதலாம்னு இருக்கேன். வாறீங்களா?"

வடிவு அரிவாளைக் கீழே வைத்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்து, நிதானமாக யோசித்தாள். அறுத்து அடித்தால் இங்கே மாசி வந்துவிடும். அதன்பிறகு கோடை உழவு, பிறகு நிலத்துக்குக் கொஞ்சம் ஓய்வு.

"அந்தக் கேட்டுல இப்ப என்ன மாசம் சார்?"

தேவசகாயம் சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அதில் கேட் எண் இருந்தது, கிலோமீட்டர் இருந்தது, மாதம் இல்லை.

"அதைக் கேக்காம வந்துட்டேனே" என்றார் அவர், டைரியில் குறித்துக்கொண்டு. "விசாரிச்சுச் சொல்லுதேன்."